வீட்டுத் தோட்டத்தில் புளூபெர்ரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளூபெர்ரி வளர்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, "செடி ஏன் வளராமல் அப்படியே நிற்கிறது?" என்ற ஒரே கவலையின் வெவ்வேறு வடிவங்கள். அவற்றுக்கான விடை பெரும்பாலும் மண்ணில்தான் இருக்கிறது. அதனால் கீழே மண்ணைப் பற்றிய விடைகள் நீண்டும், மற்றவை சுருங்கியும் அமைந்துள்ளன. செடி வாங்கும் முன்பே மண்ணைச் சரிசெய்துவிட்டால், இந்தச் செடி கேட்கும் பராமரிப்பு மிகக் குறைவு.

புளூபெர்ரியில் எத்தனை வகைகள் உண்டு? எதைத் தேர்ந்தெடுப்பது?

புளூபெர்ரி, அசேலியா, ரோடோடென்ட்ரான் ஆகிய செடிகள் அடங்கிய எரிக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்த, வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட புதர்ச்செடி. வீட்டுத் தோட்டக்காரர் அறிந்திருக்க வேண்டிய வகைகள் நான்கைந்துதான். வடக்கு உயர்புதர் வகை ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மீட்டர் வரை வளரும். கடுங்குளிர் உள்ள இடங்களுக்கு உரியது. ப்ளூக்ராப், டியூக் போன்றவை இதன் புகழ்பெற்ற ரகங்கள். தெற்கு உயர்புதர் வகை, வெப்பப் பகுதிக்காகக் கலப்பினம் செய்து உருவாக்கப்பட்டது. மிஸ்டி, பிலாக்ஸி, சன்ஷைன் ப்ளூ ஆகியவை இதில் அடங்கும். ராபிட்ஐ வகை வெயிலையும் வறட்சியையும் ஓரளவு தாங்கி, 3 மீட்டருக்கு மேலும் உயரும். தரையோடு படர்ந்து, முழங்கால் உயரத்தைத் தாண்டாத தாழ்புதர் வகையும், அதை உயர்புதரோடு கலந்து பெற்ற இடைநிலை உயர வகையும் குளிர்ப் பிரதேசங்களுக்கும் சிறிய இடங்களுக்கும் ஏற்றவை.

ஐரோப்பியக் காடுகளில் பறிக்கப்படும் பில்பெர்ரி நெருங்கிய உறவினம்தான் என்றாலும் வேறு இனம். பழத்தைப் பிளந்து பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: புளூபெர்ரியின் சதை வெளிறிய பச்சையாக இருக்கும், பில்பெர்ரியின் சதை உள்வரை அடர்ந்த சிவப்பாக இருந்து, விரலையும் பல்லையும் கறையாக்கிவிடும்.

குளிர் அதிகம் இல்லாத இடத்தில் புளூபெர்ரி காய்க்குமா?

காய்க்கும், ஆனால் ரகத்தைத் தவறாகத் தேர்ந்தால் காய்க்காது. குளிர்காலத்தில் உறங்கும் மொட்டுகள் மீண்டும் விழித்து மலர்வதற்கு, 0 முதல் 7 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் குறிப்பிட்ட அளவு நேரம் கழிய வேண்டும். இதைக் குளிர் மணி நேரம் என்பார்கள். வடக்கு உயர்புதர் வகைக்கு 800 முதல் 1,000 மணி நேரம் வரை தேவை. தெற்கு உயர்புதர் ரகங்களில் சிலவற்றுக்கு 150 மணி நேரமே போதும். பனியே காணாத பெரு நாட்டின் கடலோரப் பாலை நிலங்களில் பிலாக்ஸி போன்ற ரகங்கள் இலை உதிராமலேயே வளர்ந்து காய்த்து, அந்நாட்டை உலகின் முன்னணி புளூபெர்ரி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக ஆக்கியுள்ளன. ஆகவே நாற்றங்காலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த ரகத்துக்கு எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும்?" என்பதுதான். ரகத்தின் பெயர் எழுதாத செடியை வாங்காமல் இருப்பதே நல்லது.

மண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

மற்ற பழச்செடிகளுக்கு நல்லது என்று நாம் கருதும் மண்ணே புளூபெர்ரிக்குத் தீங்காக அமைவதால்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புளூபெர்ரியைக் காட்டில் பறித்தார்களே தவிர, தோட்டத்தில் வளர்க்க யாராலும் இயலவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் பிரெடரிக் கோவில் (Frederick Coville) என்பவர், இந்தச் செடிக்கு அமில மண் இன்றியமையாதது என்பதைக் கண்டறிந்து 1910ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதைப் படித்த நியூ ஜெர்சிப் பண்ணையாளர் எலிசபெத் ஒயிட், தம் நிலத்தை அவருடைய ஆய்வுக்கு அளித்ததோடு, காட்டில் பழம் பறிப்பவர்களிடம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் துளையிட்ட அளவுகோலைக் கொடுத்து, அந்தத் துளையில் நுழையாத பெரிய பழம் தரும் புதர்களைத் தேடச் செய்தார். புதரைக் கண்டுபிடித்தவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்றும் பயிரிடப்படும் ரூபெல் ரகம் அப்படிப் பெயர் பெற்றதுதான். 1916இல் அவர்களுடைய முதல் விளைச்சல் விற்பனைக்கு வந்தது. அத்தனைக்கும் அடித்தளமாக இருந்தது மண்ணின் அமிலத்தன்மை பற்றிய அந்த ஒரு கண்டுபிடிப்பு.

மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணைப் பி.எச். என்பார்கள்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். புளூபெர்ரிக்கு உகந்த பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை. காய்கறிகள் விரும்பும் 6.5 அளவுக்கும் இதற்கும் சிறிய வேறுபாடுதானே என்று தோன்றலாம். ஆனால் பி.எச். அளவில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், 4.5 உள்ள மண் 6.5 உள்ள மண்ணைவிட நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது. அமிலம் குறைந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும், செடியால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

வேரின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். மற்ற செடிகளின் வேர்களில் இருக்கும் நுண்ணிய வேர்த்தூவிகள் புளூபெர்ரிக்கு இல்லை. முடியைப் போல மெல்லிய வேர்கள் மண்ணின் மேற்பகுதியில், பெரும்பாலும் முதல் 30 சென்டிமீட்டருக்குள், பாயாகப் பின்னிக் கிடக்கும். அவற்றோடு கூட்டாக வாழும் ஒருவகைப் பூஞ்சைதான் அமில மண்ணிலிருந்து சத்துகளைத் திரட்டித் தருகிறது. இறுகிய களிமண்ணை இந்த வேர்களால் துளைக்க இயலாது. தேங்கும் நீரிலும் அவை அழுகிவிடும். பொலபொலப்பும், மட்கிய இலைதழையும், நல்ல வடிகாலும் உள்ள மண் வேண்டும் என்பது இதனால்தான்.

மண்ணின் அமிலத்தன்மையை எப்படி அறிவது? குறைவாக இருந்தால் எப்படிக் கூட்டுவது?

மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. அதற்கு முன்பே வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்து, அதன் மேல் சிறிது வினிகர் ஊற்றுங்கள். மண் நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட மண்ணோடு போராட வேண்டாம். நீங்கள் சேர்க்கும் அமிலத்தையெல்லாம் சுண்ணாம்பு தின்றுகொண்டே இருக்கும். தொட்டிக்கு மாறுவதே அறிவுடைமை.

நுரைக்காத மண் என்றால் கந்தகத் தூளைக் கலந்து அமிலத்தன்மையைக் கூட்டலாம். பி.எச். 6.5 உள்ள மண்ணை 4.5க்குக் கொண்டுவர, மணற்பாங்கான மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 கிராமும், வண்டல் கலந்த மண்ணுக்கு ஏறத்தாழ 225 கிராமும் தேவைப்படும். களிமண்ணுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கந்தகம் தானாக எதையும் செய்துவிடாது. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்ற வேண்டும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால்தான் அவை இயங்கும். அப்போதும் பல மாதங்கள் ஆகும். எனவே இந்த ஆண்டு மண்ணில் கந்தகத்தைக் கலந்து, அடுத்த ஆண்டு மீண்டும் சோதித்துவிட்டுச் செடி நடுவதுதான் முறை. அவசரப்பட்டு ஒரே நாளில் கந்தகத்தையும் செடியையும் சேர்த்து இட்டால், செடி முதல் ஆண்டு முழுவதும் பட்டினி கிடக்கும்.

காபித்தூள் சக்கை, எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவை போதாதா?

போதா. காபியின் அமிலம் பெரும்பாலும் நாம் குடிக்கும் நீரிலேயே இறங்கிவிடுகிறது. எஞ்சும் சக்கை ஏறத்தாழ நடுநிலையானது. அதை மூடாக்கோடு, அதாவது செடியடி மண்ணை மூடப் பரப்பும் மரப்பட்டை, இலை போன்றவற்றோடு, சிறிதளவு கலப்பதில் தவறில்லை. அமிலத்துக்காக அதை நம்ப வேண்டாம். வினிகரும் எலுமிச்சையும் பி.எச். அளவைச் சில நாள்கள் மட்டுமே இறக்கி வைக்கும்.

தொட்டியில் வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். சுண்ணாம்பு மண் உள்ளவர்களுக்குத் தொட்டியே சிறந்த வழி என்று உறுதியாகச் சொல்வேன். மண்ணை நாமே கலந்துகொள்ளலாம் என்பதால் தோல்வி குறைகிறது. முதலில் 10 முதல் 15 லிட்டர் கொள்ளும் தொட்டியில் தொடங்கி, செடி வளர வளர 40 அல்லது 50 லிட்டர் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பீட் பாசி (சதுப்பு நிலத்தில் பாசி மட்கி உண்டாவது), மட்கிய பைன் மரப்பட்டைத் துண்டு, சிறிது பெர்லைட் (மண்ணைப் பொலபொலப்பாக்கும் இலேசான வெண்ணிறக் கல்துகள்) ஆகியவற்றின் கலவை நன்றாக அமையும். பீட்டுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துவோர், அதை நல்ல நீரில் பலமுறை அலசி உப்பை நீக்க வேண்டும். அது பீட்டைப் போல அமிலமானது அன்று என்பதால், கலவையின் பி.எச். அளவைச் சோதித்துக் கந்தகமும் சேர்க்க வேண்டியிருக்கும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொதுவான தொட்டி மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்பு சேர்க்கப்பட்டிருக்கும், அது வேண்டாம். கறுப்புத் தொட்டி கடும் வெயிலில் சூடேறி வேரை வாட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எப்படி நடுவது?

நாளுக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் படும் இடம் வேண்டும். மிகச் சூடான பகுதிகளில் பிற்பகலில் சற்று நிழல் இருந்தால் நல்லது. உயர்புதர்ச் செடிகளுக்கு 1.2 முதல் 1.5 மீட்டர் இடைவெளியும், ராபிட்ஐ வகைக்கு 1.8 மீட்டருக்குக் குறையாத இடைவெளியும் தேவை. குழி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பதே முக்கியம். நாற்றுத் தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர்கள் சுருண்டு இறுகியிருந்தால், விரல்களால் மெதுவாகப் பிரித்துவிட்டு நடுங்கள். அப்படியே நட்டால் அவை ஆண்டுக் கணக்கில் அந்தக் கட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நட்டு, மேலே 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனில் மரப்பட்டை, மரத்தூள் அல்லது பைன் இலைகளால் மூடாக்கு இட வேண்டும். தண்டை ஒட்டி மட்டும் சிறிது இடம் விடுங்கள். களை எடுக்கும்போது மண்வெட்டியால் கொத்தக் கூடாது. வேர்கள் மேலேயே இருப்பதால் கையால் பிடுங்குவதே பாதுகாப்பானது.

எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?

வாரத்துக்கு 2.5 முதல் 5 சென்டிமீட்டர் மழைக்கு ஈடான நீர் தேவை. காய் பருக்கும் காலத்தில் மேல் அளவு, மற்ற காலங்களில் கீழ் அளவு. எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதற்கு இணையாக எந்த நீரை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். உப்பு படியும் கடின நீரில் உள்ள பைகார்பனேட், நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய அமிலத்தன்மையை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவதே மேல். அதற்கு வழியில்லாத இடத்தில், நீரில் சிறிதளவு சிட்ரிக் அமிலம் கலந்து, சோதனைத் தாளால் பி.எச். அளவை 5க்கு அருகில் கொண்டுவந்து ஊற்றலாம். நீரைத் திருத்தவே இங்கு அமிலம் சேர்க்கிறோம். மண்ணை மாற்றும் வேலை கந்தகத்துடையதுதான்.

என்ன உரம் இடுவது?

குறைவாக இடுங்கள். புளூபெர்ரி தழைச்சத்தை அம்மோனியம் வடிவில்தான் நன்றாக ஏற்கும். நைட்ரேட் உரங்களும், குளோரைடு கலந்த பொட்டாஷ் உரமும் அதற்கு ஒவ்வாதவை. மண்ணின் அமிலத்தைக் காக்கவும் உதவுவதால் அம்மோனியம் சல்பேட் பொருத்தமானது. முதல் ஆண்டில் ஒரு செடிக்கு 30 கிராம் என்று தொடங்கி, ஆண்டுக்கு 30 கிராமாகக் கூட்டி, வளர்ந்த செடிக்கு 225 கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த அளவு நிலத்தில் நட்ட செடிக்கு உரியது; ஒரே தடவையில் கொட்டாமல், துளிர்க்கும் காலத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று தவணையாகப் பிரித்து, தண்டிலிருந்து தள்ளித் தூவி நீர் பாய்ச்ச வேண்டும். தொட்டிச் செடிக்கு, அமிலம் விரும்பும் செடிகளுக்கென்று விற்கப்படும் உரத்தை, அதில் குறிப்பிட்டுள்ள அளவைத் தாண்டாமல் இட்டால் போதும். இயற்கை முறையை விரும்புவோர் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைப் பயன்படுத்தலாம். தொழுவுரமும் சாம்பலும் காரத்தன்மையையும் உப்பையும் கூட்டுவதால், மற்ற செடிகளுக்கு எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் இதற்கு வேண்டாம்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. ஏன்?

இளம் இலைகளில் இந்தக் கோலம் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைபாடு; பி.எச். உயர்ந்துவிட்டது என்பதற்கான தெளிவான அடையாளம். இரும்புச் சத்தைக் கரைத்துத் தெளித்தால் தற்காலிகமாகப் பச்சை திரும்பும். ஆனால் மண்ணையும் நீரையும் சோதித்துத் திருத்தாவிட்டால் மஞ்சள் மீண்டும் வரும். முதிர்ந்த இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். ஓரம் கருகினால் உரம் மிகுந்துவிட்டது அல்லது நீர் போதவில்லை என்று பொருள். இலையுதிர் காலத்தில் செடி முழுவதும் செந்நிறமாவது இயல்பே. அந்த அழகுக்காகவே இதை வளர்ப்பவர்களும் உண்டு.

ஒரு செடி மட்டும் வைத்தால் காய்க்குமா?

உயர்புதர் வகைகள் தனியாகவும் காய்க்கும். ராபிட்ஐ வகைக்கு இன்னொரு ராபிட்ஐ ரகம் அருகில் இருந்தே ஆக வேண்டும். எந்த வகையானாலும், ஒரே காலத்தில் பூக்கும் வேறொரு ரகம் துணையிருந்தால் பழம் பெரிதாகும், முன்கூட்டியும் பழுக்கும். ஆகவே இரண்டு செடிகளாவது வைப்பது நன்று.

பூவை அருகில் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். வாய் குறுகிய வெண்ணிறக் குடுவை தலைகீழாகத் தொங்குவது போன்ற அமைப்பு அது. மகரந்தம் குழல் வடிவ மகரந்தப்பைகளுக்குள் அடைபட்டு, நுனித்துளை வழியாக மட்டுமே வெளியேறும். உடல் பருத்த பம்பிள் வண்டுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமலேயே பறக்கும் தசைகளை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் அதன் வயிற்றின் மேல் உதிர்கிறது. சாதாரணத் தேனீயால் இப்படி அதிரச் செய்ய இயலாது. என்றாலும் பல பூக்களுக்குத் தொடர்ந்து செல்வதால் அதுவும் பயனுள்ளதே. பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பது, வரப்போகும் பழத்தை நாமே கிள்ளி எறிவதற்குச் சமம்.

எத்தனை ஆண்டில் பழம் கிடைக்கும்?

நட்ட முதல் ஆண்டில், முடிந்தால் இரண்டாம் ஆண்டிலும், பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான், ஆனால் அந்த ஆற்றல் வேருக்குச் சென்றால்தான் செடி நிலைக்கும். மூன்றாம் ஆண்டில் கைநிறையப் பழம் எதிர்பார்க்கலாம். ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் முழு விளைச்சலை எட்டும் உயர்புதர்ச் செடி, நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 2.5 முதல் 4.5 கிலோ வரை கொடுக்கும். பல பத்தாண்டுகள் வாழும் செடி இது.

கவாத்து எப்போது, எப்படிச் செய்வது?

செடி உறங்கும் குளிர்காலத்தின் இறுதியில் செய்ய வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளில் ஒடிந்த, காய்ந்த கிளைகளை மட்டும் நீக்கினால் போதும். அதன் பிறகு, சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளில்தான் பழம் பிடிக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அடியிலிருந்து புதிய தண்டுகள் வர இடம் கொடுக்க வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சாம்பல் நிறமாகித் தடித்த தண்டுகளில் ஒன்றிரண்டை ஆண்டுதோறும் தரைமட்டத்தில் வெட்டிவிடுங்கள். கிளையின் நுனியில் பருத்து உருண்டிருப்பவை பூமொட்டுகள். கீழே ஒல்லியாகத் தண்டோடு ஒட்டியிருப்பவை இலைமொட்டுகள். ஒரு பூமொட்டிலிருந்து ஐந்து முதல் பத்துப் பூக்கள் வரை விரியும் என்பதால், மொட்டுகள் மிகுந்த மெல்லிய கிளைகளை நீக்குவதால் விளைச்சல் கெட்டுவிடாது. எஞ்சிய பழங்கள் பெரிதாகும்.

பறவைகளும் பூச்சிகளும் தொல்லை தருகின்றனவே?

பறவைகளுக்கு வலை ஒன்றே உறுதியான தீர்வு. காய் நீலமாகத் தொடங்கும் முன்பே, செடியின் மேல் படாதபடி சட்டம் அமைத்து வலையை இறுக்கமாகக் கட்டுங்கள். தளர்ந்த வலையில் பறவைகள் சிக்கி மடியும். பழுக்கும் பழத்துக்குள் முட்டையிடும் புள்ளிச்சிறகுப் பழ ஈ உள்ள பகுதிகளில், பழுத்தவற்றை உடனுக்குடன் பறித்துக் குளிரில் வைப்பதும், கீழே விழுந்தவற்றைப் பொறுக்கி அகற்றுவதும் பெரும் பயன் தரும். காய்கள் சுருங்கி வெளிறிக் கல்போலாகி உதிர்ந்தால் அது மம்மி நோய் எனப்படும் பூஞ்சை நோய். உதிர்ந்தவற்றை அகற்றி, புதிய மூடாக்கால் தரையை மூடிவிட வேண்டும்.

பழம் பறிக்கும் பதத்தை எப்படி அறிவது?

நீலமானவுடன் பறித்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நீலமான பின்னும் சில நாள்கள், ஒரு வாரம் வரைகூட, செடியிலேயே விட்டால்தான் இனிப்பு ஏறும். பறித்த பிறகு நிறம் மாறலாம், மென்மையாகலாம், ஆனால் இனிப்புக் கூடாது. பழத்தைச் சற்றே திருப்பிக் காம்பு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய செந்நிற வளையம் தெரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். வளையம் மறைந்து, கட்டைவிரலால் லேசாக உருட்டியதும் பழம் தானாகக் கையில் விழுந்தால் அதுவே சரியான பதம். ஒரே கொத்தில் பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுப்பதால், ஒரு செடியில் பல வாரங்கள் பறிக்கலாம்.

பறித்ததை எப்படிச் சேமிப்பது?

பழத்தின் மேல் வெண்சாம்பல் பூத்தது போல் இருப்பது செடியே பூசிய மெழுகு. ஈரம் வற்றாமல் காப்பது அதுதான். எனவே உண்ணும் வேளைக்கு முன் கழுவ வேண்டாம். உலர்ந்த பழங்களை ஆழமில்லாத பெட்டியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை தாங்கும். உறைய வைப்பதாயின் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, உறைந்த பின் பையில் கொட்டுங்கள். அப்போது அவை ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக இருக்கும்.

உடலுக்கு எவ்வளவு நல்லது?

100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 57 கலோரியும், 10 கிராம் சர்க்கரையும், 2.4 கிராம் நார்ச்சத்தும், 10 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சியும் உள்ளன. தோலில் உள்ள நீல நிறமியான ஆந்தோசயனின் பற்றி நிறையப் பேசப்படுகிறது. இது நல்ல பழம். எந்த நோய்க்கும் மருந்து என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

கேக்கில் சேர்த்தால் பழத்தைச் சுற்றிப் பச்சையாகிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஆந்தோசயனின் அமிலத்தில் சிவந்தும், காரத்தில் நீலப்பச்சையாகவும் மாறும் இயல்புடையது. மாவில் உள்ள சமையல் சோடாதான் காரணம். சோடாவைச் சற்றுக் குறைத்தாலோ, மாவில் மோர் அல்லது எலுமிச்சைச் சாறு சேர்த்தாலோ நிறம் மாறாது. உறைந்த பழங்களை இளக விடாமல், உலர்ந்த மாவில் புரட்டி, கடைசியாகக் கலந்தால் சாறு கசிந்து மாவெங்கும் நிறம் பரவுவதும் குறையும். ஜாம் காய்ச்சும்போதும் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது நிறத்தைக் காக்கும், இறுகவும் உதவும்.

விதையிலிருந்து புதிய செடி வளர்க்கலாமா?

முளைக்கும், ஆனால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது, காய்க்கவும் பல ஆண்டுகள் ஆகும். குச்சி நடுவதே ஏற்றது. கோடையின் தொடக்கத்தில், புதிய துளிர் பாதி முற்றிய நிலையில், 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளை நீக்கிவிட்டுப் பீட்டும் பெர்லைட்டும் கலந்த ஈரக் கலவையில் செருகி, ஈரப்பதம் குறையாமல் நிழலில் வையுங்கள். வேர் பிடித்த பிறகு ஓர் ஆண்டு சிறு தொட்டியில் வளர்த்துத் தேற்றிய பின்பே நிலத்துக்கு மாற்ற வேண்டும். காப்புரிமை பெற்ற புதிய ரகங்களை இவ்வாறு பெருக்க அனுமதியில்லை என்பதால், பழைய ரகங்களையே தேர்ந்தெடுங்கள்.